விடியற்காலையில் மீன்கள் ஏன் தவிக்கின்றன?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் கெண்டை மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகின்றன. ஏன்?

பதில்: மூச்சுத் திணறல்தான் காரணம். பகலில் வெயிலைக் கொண்டு பாசிகள் உணவு தயாரிக்கும்போது நீரில் ஆக்சிஜன் சேர்கிறது. இருட்டியதும் அந்த வேலை நின்றுவிடும். ஆனால் மீன், நத்தை, பாசி, சேற்றிலுள்ள பாக்டீரியா என எல்லா உயிர்களும் இரவு முழுக்கச் சுவாசிக்கின்றன. அதனால் பொழுது விடியும் நேரத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. காற்றைத் தொடும் மேல்நீரில் மட்டும் அது சற்றுக் கூடுதலாக இருக்கும். மீன்கள் அதைத் தேடியே மேலே வருகின்றன.

இதில் வெப்பத்துக்கும் பங்குண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மேகமூட்டமான நாளில் வெயில் குறைவதால் பாசிகள் சேர்க்கும் ஆக்சிஜனும் குறையும்; மறுநாள் காலையில் நிலைமை இன்னும் மோசமாகும்.

சாக்கடையும் வயலின் உரநீரும் கலந்தால் பாசி அளவுக்கு மீறிப் பெருகும். அது மடிந்து மட்கும்போது பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும்.

விரால் காற்றையே சுவாசிக்கும் மீன். அது மேலே வருவது இயல்பு. ஆனால் கெண்டைகள் தினமும் தவித்தால் அது ஆபத்தின் அறிகுறி. கழிவுநீர் குளத்தில் சேரும் வழியை அடைக்கும்படி ஊராட்சியிடம் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள்.