தண்ணீர் ஓர் அமானிதம்: குளத்தையும் குழாயையும் கண்காணிப்பது யார் பொறுப்பு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே ஆக்கியதாக அல்லாஹ் தன் திருமறையில் (21:30) கூறுகிறான். ஒரு நாளைக்கு ஐந்து வேளை அந்தத் தண்ணீரைத் தொட்டுத்தான் நாம் அவன் முன் நிற்கிறோம். முகம் கழுவுகிறோம், வாய் கொப்பளிக்கிறோம், மூக்கிற்குள் நீர் செலுத்துகிறோம். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் சோதிக்கிறார்கள், சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நாம் யோசிப்பது குறைவு. இன்றைய ஜும்ஆவில் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

மூக்கு வழியே நுழையும் ஆபத்து

2024-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை, நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் மூவர் மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். நன்னீரில் வாழும் அமீபா என்ற நுண்ணுயிர்தான் காரணம். அந்த நீரைக் குடித்தால் இந்த நோய் வராது. குளிக்கும்போது மூக்கு வழியாக நீர் ஏறினால், அமீபா அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது. நோய் வந்தபின் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு கிணறுகளில் குளோரின் இடும் இயக்கத்தையே கேரள அரசு நடத்த வேண்டியதாயிற்று.

குளத்தில் இறங்காவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் 2008, 2009 ஆண்டுகளில் இதே நோயால் 13 பேர் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் நீச்சல் பழக்கமோ குளத்துக் குளியலோ இல்லை. உளூவின்போது மூக்கிற்குள் செலுத்திய குழாய்த் தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தண்ணீரில் போதிய குளோரின் இருந்தால் இந்த அமீபா மடிந்துவிடும். குழாயில் வரும் நீரில் அது போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் பார்த்திருந்தால், அந்த உயிர்களில் பல காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் சுன்னத்தை விட்டுவிட வேண்டாம். நோன்பில்லாத நேரத்தில் மூக்கிற்கு நன்றாக நீர் செலுத்தச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் அது ஃபர்ளாகவே இருக்கிறது. எனவே நாம் செய்ய வேண்டியது வணக்கத்தைக் குறைப்பதல்ல. வணக்கத்திற்குரிய நீரைப் பாதுகாப்பாக்குவது.

சுத்தமானதா, பாதுகாப்பானதா?

இங்கே ஒரு மஸ்அலாவைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஷாஃபி மத்ஹபில் இரண்டு குல்லத்து அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், மணம், சுவை மாறாதவரை அது சுத்தமான நீரே. ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் கொண்ட ஹவுலைப் பெரிய நீர் என்று கணக்கிடுகிறார்கள். இவை வணக்கம் செல்லுமா என்ற கேள்விக்கான விடைகள். மக்களுக்குச் சிரமம் வரக் கூடாது என்பதற்காக மார்க்கம் தந்த சலுகைகள்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தனக்கோ பிறருக்கோ தீங்கு இழைக்கக் கூடாது என்பது மார்க்கத்தின் இன்னொரு பெரும் சட்டம். நோயாளிக்குத் தண்ணீர் தீங்கு தரும் என்றால் தயம்மும் செய்ய அனுமதிக்கும் மார்க்கம் இது. ஆகவே, உளூ கூடும் என்ற பதிலோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. இந்த நீர் மக்களுக்குத் தீங்கு தருமா என்ற இரண்டாவது கேள்வி பாக்கியிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறது. கடமை ஆட்சியாளரிடம் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் ஆட்சியில் தண்ணீர்

மதீனாவின் ஹர்ரா பகுதி வாய்க்கால் நீரில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் தகராறு வந்தது. மேட்டில் இருக்கும் ஸுபைர் தம் தோட்டத்திற்குப் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். (புகாரீ) தண்ணீரில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையே நியாயம் வழங்குவதை ஆட்சித் தலைவரின் பணியாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மஃரிபில் இருந்த உப்பு நிலத்தை அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்டபோது நபியவர்கள் கொடுத்தார்கள். அது வற்றாத நீரூற்றைப் போல எல்லோருக்கும் பயன்படுவது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். (திர்மிதீ, அபூதாவூத்) பொதுமக்களின் சொத்து என்று தெரிந்ததும், வழங்கிய அனுமதியையே ரத்துச் செய்தார்கள். அதை எடுத்துச் சொன்னவர் சபையில் இருந்த ஒருவர் என்பதையும் கவனியுங்கள்.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழித்துவிட்டு அதிலேயே குளிப்பதையும் தடுத்தார்கள். நீர்த்துறைகளிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது மக்களின் சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று எச்சரித்தார்கள்.

ஹிஸ்பா என்ற கண்காணிப்புத் துறை

பிற்காலத்தில் இந்தப் பொறுப்பை முஹ்தஸிப் என்ற அதிகாரி ஏற்றார். அளவை, எடை மட்டுமல்ல, குளியலறைகளின் தூய்மையும், தண்ணீர் சுமந்து விற்பவர்கள் எந்த இடத்தில் நீர் எடுக்கிறார்கள் என்பதும் அவர் கண்காணிப்பில் இருந்தன. கரையோர அழுக்கிலிருந்தும், குளியலறைக் கழிவு கலக்கும் இடத்திலிருந்தும் விலகி நீர் எடுக்க வேண்டும் என்று ஹிஸ்பா நூல்கள் விதித்தன.

ஹிஜ்ரி 450-ல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தம் நூலில் இதை இன்னும் விரிவாக எழுதினார்கள். ஓர் ஊரின் குடிநீர் ஏற்பாடு பழுதடைந்தால் பைத்துல்மாலிலிருந்து செலவழித்துச் சீர்செய்வது கடமை. பைத்துல்மாலில் பணம் இல்லையென்றால் ஊரில் வசதியுள்ளவர்கள் மீது அந்தப் பொறுப்பு வரும். பணம் இல்லை என்று கைவிரிக்க அங்கே இடமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். நிதி இல்லை என்றது நகராட்சி. நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி அடிப்படைச் சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991-ல் அதே நீதிமன்றம் சொன்னது.

சட்டம் சொல்லும் அளவுகள்

நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982-ல் அமைந்தது. குளிக்கும் நீருக்கு 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு அளவுகோல் வகுத்தது. 100 மில்லி நீரில் மலக் கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குடிநீருக்கான விதி இன்னும் கடுமையானது. 100 மில்லியில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளோரின் இட்டு வழங்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.

விதி இருக்கிறது, வாரியமும் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கும் மக்கள் இல்லாத ஊரில் விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

பாலாறு நமக்குச் சொல்லும் பாடம்

அருமைச் சகோதரர்களே! அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதிகளில் தோல் தொழில் நம் சமுதாயத்தில் பலரின் வாழ்வாதாரம். பள்ளிகள், கல்லூரிகள், மதரஸாக்கள் பல அந்த வருமானத்தில் எழுந்தவை. அதை மறுக்க முடியாது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது என்பதையும் மறுக்க முடியாது.

28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதும் பதிவாகியிருக்கின்றன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. ஆயினும் 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்கும்படி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையே ஒரு தலைமுறையே வளர்ந்து விட்டது.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஓட்டையிட முனைந்த உவமையை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர்களைத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். (புகாரீ) கண்காணிப்பு என்பது தொழிலுக்குப் பகையல்ல. ஓட்டையிடுபவரையும் சேர்த்துக் காப்பாற்றும் கரம் அது. சுத்திகரிப்பு நிலையத்தைச் செலவு மிச்சம் என்று நிறுத்தி, இரவில் கழிவைத் திறந்துவிட்டு ஈட்டும் காசு ஹலாலாகுமா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத் துணைபோகும் அதிகாரியும் அமானிதத்திற்குத் துரோகம் செய்தவரே.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் நம் பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம். ஹவுலையும் மேல்நிலைத் தொட்டியையும் எப்போது கழுவினோம் என்று நாளைக் குறித்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு கருவியை ஜமாஅத் வாங்கி வைக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைப் பரிசோதிக்கலாம். கட்டடத்திற்கு நன்கொடை திரட்டும் முத்தவல்லிமார்கள், இந்தச் சிறு செலவையும் ஸதக்காவாகவே கருத வேண்டும்.

அடுத்து ஊர். மார்ச் 22 உலக நீர் நாளிலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அங்கே சென்று, தொட்டி கழுவப்படுகிறதா, நீர் ஆய்வு முடிவு எங்கே என்று கண்ணியமாகக் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வழி இருக்கிறது. நம் சகோதரிகள் அதில் முன்வரட்டும். பதில் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் தெருவுக்கு மட்டும் கேட்காமல், குழாயடியில் நிற்கும் எல்லா மதத்தவருக்காகவும் கேளுங்கள். ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்தபோது, செல்வந்தர், ஏழை, வழிப்போக்கர் என்று பேதம் பார்க்கவில்லை.

டேங்க் ஆபரேட்டர், பொறியாளர், ஆய்வக ஊழியர், வாரிய அதிகாரி ஆகிய பணிகளில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சோதிக்காமலே பதிவேட்டில் சரி என்று எழுதும் ஒரு கையெழுத்து, யாரோ ஒரு தாயின் குழந்தையைப் பறிக்கக் கூடும். நீங்கள் நேர்மையாக எழுதும் ஓர் எண் பல உயிர்களைக் காக்கக் கூடும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற இறைவாக்கு (5:32) உங்கள் மேசையிலும் நிறைவேறலாம்.

வல்ல அல்லாஹ் நம் நீர்நிலைகளைத் தூய்மையாக்கி, அவற்றைக் காக்கும் பொறுப்பை உணர்ந்தவர்களாக ஆட்சியாளர்களையும் நம்மையும் ஆக்கி அருள்வானாக! நோய்களிலிருந்து நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.