தாமதம் லைனிலா, கம்ப்யூட்டரிலா?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் பல புரோகிராம்களைத் திறந்து வைத்தால் மோடம் வேகம் குறையுமா?

பதில்: குறையும். "திரையில் காட்டும் இணைப்பு வேகம் மாறவில்லையே?" என்று கேட்கலாம். அந்த எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொலைபேசி லைனின் தரம். குறைவது, தகவல் உங்களிடம் வந்து சேரும் வேகம். மோடம் இணையும் பழைய சீரியல் போர்ட்டின் 8250 சிப், வந்த பைட்டுகளில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கும். விநாடிக்கு 57,600 பிட் என்றால் சுமார் 5,760 பைட்டுகள் வரும். பிராசஸர் வேறு வேலையில் மூழ்கி அதை எடுக்கத் தாமதித்தால், அடுத்த பைட் வந்து முந்தையதை அழித்துவிடும். தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்குவதில் நேரம் கரையும். 16 பைட் தாங்கும் 16550ஏ சிப் இந்த நெருக்கடியைத் தணிக்கும். வின்மோடம் என்ற வகை மோடமோ சிக்னலைப் பிரித்தறியும் வேலையையே பிராசஸர் தலையில் கட்டுகிறது. சுமை மிஞ்சினால் இணைப்பே அறுந்துபோகலாம். எனவே, பெரிய ஃபைலை இறக்கும்போது மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள்.