நகரத்தில் காய்கறித் தோட்டம்: ஹவானா கற்பிக்கும் பாடம்

பயிர்த்தொழில் நாட்டுப்புறத்துக்கே உரியது என்றும், நகரவாசிகள் விளைந்ததை வாங்கி உண்பதற்கே உரியவர்கள் என்றும் பலர் எண்ணுகின்றனர். லாரிகளும் ரயில்களும் ஒழுங்காக ஓடும் காலத்தில் இவ்வெண்ணத்தால் கெடுதி ஒன்றும் தோன்றுவதில்லை. அவை நின்றுபோகும் காலத்திலேதான் நகரம் எவ்வளவு நிர்க்கதியானது என்பது விளங்கும். இதனை அனுபவத்தில் கண்டு, பரிகாரமும் தேடிய நகரம் ஒன்று உண்டு. அது மேற்கிந்தியத் தீவுகளுள் பெரியதாகிய கியூபாவின் தலைநகரான ஹவானா. ஏறக்குறைய இருபது லக்ஷம் ஜனங்கள் வாழும் அந்நகரத்தார் 1990-ஆம் ஆண்டுக்குப் பின் தங்கள் காலிமனைகளில் காய்கறி விளைவித்த முறையை இங்கு எடுத்துரைப்போம். அது வெப்ப நாடு. அங்கு விளையும் வெண்டை, வெள்ளரி, காராமணி, கத்தரி முதலியன நாம் நன்கு அறிந்தவை. ஆதலின் அவர்கள் கற்ற பாடத்தில் நமக்குப் பயன்படுவது மிகுதி.

நேர்ந்த இடர்

கியூபா நெடுங்காலம் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரையை ஏற்றுமதி செய்து, அதற்கு ஈடாகப் பெட்ரோலியம், ரசாயன உரம், தானியம் முதலியவற்றைச் சோவியத் யூனியனிடமிருந்தும் அதன் நேச நாடுகளிடமிருந்தும் பெற்றுவந்தது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1962 முதல் விதித்திருந்த வியாபாரத் தடையோ நீங்கவில்லை. இறக்குமதி ஒரு சில ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. எண்ணெய் இன்றி டிராக்டர்கள் நின்றன. எருதுகளை மீண்டும் ஏருக்குப் பழக்க வேண்டியதாயிற்று. நாட்டுப்புறத்தில் விளைந்த சிறிதளவையும் நகரத்துக்குக் கொண்டுவர வண்டி இல்லை.

இதன் பலன் ஜனங்களின் உடலிலே தெரிந்தது. 1989-இல் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் கலோரிக்கு அண்மையில் இருந்த உணவு, 1993-இல் இரண்டாயிரத்துக்கும் கீழே இறங்கியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கண்பார்வை மங்கியும், கை கால்கள் மரத்தும் துன்புற்றனர். பி வகை வைட்டமின்களின் குறைவே இதற்குப் பிரதான காரணங்களுள் ஒன்று என வைத்தியர்கள் கண்டனர். சர்க்கார் ஜனங்கள் அனைவருக்கும் வைட்டமின் மாத்திரை வழங்க, நோய் தணிந்தது. மாத்திரையால் நோயைத் தணிக்கலாம். ஆனால் நாள்தோறும் கீரையும் காயும் கிட்டாத நகரத்துக்கு மாத்திரை நிரந்தரப் பரிகாரமாகாது. இதனை உணர்ந்தே ஹவானாவாசிகள் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர்.

மண் இல்லாத இடத்தில் மண்

அவர்கள் முதலிற் கண்ட தடை விதையன்று, நீருமன்று, மண்ணேயாம். நகரத்துக் காலிமனை பார்வைக்கு நிலம். தோண்டிப் பார்த்தால் செங்கல் உடைவும், சுண்ணாம்புக் காரையும், கண்ணாடித் துண்டுமே. இதன் தன்மையை யான் என் தவற்றினாலேயே கற்றேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பட்டணத்தில், ஒரு தெருவாரைத் தூண்டி, வீடு இடிந்து கிடந்த மனை ஒன்றில் வெண்டையும் கீரையும் விதைப்பித்தேன். கல்லைப் பொறுக்கிக் கொத்திவிட்டதே போதும் என்று கருதினேன். விதை நன்றாக முளைத்தது; மூன்றாம் வாரத்தில் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுதும் வெளுத்து மஞ்சளாயின. பழைய காரையின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்க, பயிர் இரும்புச் சத்தை ஏற்க இயலாது போயிற்று. நான் எருவைத் தேடுவதற்குமுன் விதையைத் தேடியதே பிழை.

ஹவானாவில் இதற்குக் கண்ட வழி எளியது. மண்ணில்லாமல் ரசாயனக் கரைசலில் பயிர் வளர்க்கும் தொட்டிகள் அந்நாட்டில் முன்னரே இருந்தன. ரசாயனம் வருவது நின்றபின் அத்தொட்டிகளில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிக் காய்கறி பயிரிட்டனர். பின்னர் அதே மாதிரியில், காலிமனைகளின் மேல் செங்கல், சிமெண்டுப் பலகை, ஓடு, மரம் என்று கிடைத்ததைக் கொண்டு கரை கட்டிப் பாத்திகள் அமைத்தனர். இவற்றுக்கு அங்கு 'ஆர்கனோபோனிக்கோ' என்று பெயர். சுமார் 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி, அகலமே பொது வழக்கம். இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுப்பாத்தி எட்டும். உள்ளே கால் வைத்து மண்ணை இறுக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல மண் இருந்த இடங்களில் கரை கட்டாமல் மேட்டுப்பாத்தியே போதுமென்று விட்டனர். எருவின் பெரும்பகுதியை மண்புழுவைக் கொண்டு குப்பையிலிருந்தே ஆக்கினர்.

உரிமையும் பங்கும்

மண் ஆயிற்று; ஆனால் ஆக்கியவனுக்கு அது எவ்வளவு காலம் நிலைக்கும்? என் முதல் தோட்டத்தின் முடிவு இதற்கு விடை கூறும். வெளுத்த பயிரைப் பிடுங்கியபின் அத்தெருவார் மனந்தளராது, வீட்டுக் குப்பையும் சாணமும் இலைச்சருகும் மக்கவைத்து, மேட்டுப்பாத்தி அமைத்தனர். இரண்டு ஆண்டு நல்ல விளைவு கண்டனர். மூன்றாம் ஆண்டில் மனைக்கு உடையவர் வீடு கட்ட வந்தார். எங்களிடம் ஓர் எழுத்தும் இல்லை. அஸ்திவாரம் தோண்டிய அன்று ஒரு மூதாட்டி என்னிடம், “இடம் போனால் போகட்டும் ஐயா, மண்ணையாவது அள்ளிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. உடையவர் மேல் குறையில்லை. பத்திரம் இன்றித் தோட்டம் தொடங்கச் சொன்ன என் மேலேயே குறை.

ஹவானாவில் இவ்விஷயத்தில் சட்டம் துணை நின்றது. காலிநிலத்தை வாரமோ வாடகையோ இன்றி அநுபோக உரிமையாகக் கொடுத்தனர். பயிரிடும்வரை உரிமை உண்டு, தரிசாகப் போட்டால் நிலம் திரும்பும். 1993-ஆம் ஆண்டின் சட்டப்படி கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தோருக்குக் காலவரையறை இன்றி அநுபோகம் அளிக்கப்பட்டது. நிலம் சர்க்காருடையது, விளைவு உழைத்தவர்களுடையது. 1994-இல் நகரப் பயிர்த்தொழிலுக்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே விளைபொருளை ஒரு பங்கு கடமையாகக் கொடுத்து மிகுந்ததைக் குடியானவரே விற்கச் சந்தைகளும் திறக்கப்பட்டன. விதை, உயிர்மருந்து, ஆலோசனை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும் கடைகள் நகரின் பல பகுதிகளில் வைக்கப்பட்டன. நம் தொழிலைச் செய்வோர்க்கு இக்கடை முறை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆலோசனையைத் தேடி ஜனங்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை, விதை வாங்க வந்த இடத்தில் கேட்டுச் செல்வார்கள்.

நகரின் கிழக்கே, மாடி வீடுகள் நெருங்கிய ஆலமார் என்னும் பகுதியில் 1997-இல் ஒரு சங்கம் சிலரைக் கொண்டு சிறு நிலத்தில் தொடங்கியது. பின்னர் அது ஏறக்குறைய 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர், அளவுக்கு விரிந்து, நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினரைப் பெற்றது. காலையில் பறித்த கீரை வாயிலிலேயே விற்றுத் தீரும். வண்டிக் கூலியும் தரகும் இல்லை. லாபம் உழைப்புக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. ஊக்கத்தால் தொடங்கிய தோட்டங்கள் பல வாடிப்போக, இத்தகையவை நின்றதற்குக் காரணம் உரிமையும் பங்குமேயாம்.

பூச்சியை அடக்குதல்

ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்தில் நஞ்சு தெளித்தல் தகாது. ஹவானா நகர எல்லைக்குள் பயிருக்கு ரசாயனப் பூச்சிமருந்து விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாகப் பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும், பூச்சிக்கு நோய் உண்டாக்கும் காளான் முதலிய நுண்ணுயிர்களையும் பெருக்கும் நிலையங்கள் நாடு முழுதும் இருநூறுக்கு மேல் ஏற்படுத்தப்பட்டன. பாத்திகளின் ஓரத்தில் மக்காச்சோளமும் சோளமும் நட்டனர். அவை நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இருப்பிடமாகும். இடையிடையே செண்டுப்பூச்செடியும் வைத்தனர். மஞ்சள் வர்ணம் பூசிய தகட்டில் பசை தடவி நிறுத்த, வெள்ளை ஈயும் அசுவினியும் ஒட்டிக்கொண்டன. நம் நாட்டு வேம்பும் அங்கு பெருவாரியாக நடப்பட்டு, அதன் கொட்டை மருந்தாயிற்று. நமது முற்றத்தில் உதிர்ந்து வீணாவதை அவர்கள் நட்டு வளர்த்துச் சேர்க்கின்றனர் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

செய்முறை

தெருவார் சிலர் கூடித் தோட்டம் தொடங்க விரும்பினால் கீழ்க்கண்டவாறு செய்வது நலம்.

1. இடத்துக்கு உடையவரிடம், அது நகரசபையாயினும் தனி மனிதராயினும், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு எழுத்துமூலம் உரிமை பெறுக. இடையில் நிலம் வேண்டின் நிற்கும் பயிரை எடுக்க அவகாசமும், ஆக்கிய மண்ணை அள்ளிச் செல்லும் உரிமையும் பத்திரத்தில் இருத்தல் வேண்டும்.

2. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமும், கையெட்டும் தூரத்தில் நீரும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையேல் அவ்விடத்தை விடுக.

3. பாத்தி 4 அடி அகலம், 30 அடி நீளம், 1 அடி உயரம் இருக்கட்டும். இடையில் ஒன்றரை அடி நடைபாதை விடுக. ஒரு பாத்தியை நிரப்ப 120 கன அடி கலவை வேண்டும். அதில் பாதி நல்ல செம்மண், பாதி நன்கு மக்கிய எரு. அரைகுறையாக மக்கிய எரு வேரைச் சுடும். அடியில் நீர் வடிய வழி இருத்தல் இன்றியமையாதது.

4. ஒரு தலைப்பில் கீரை, ஒரு தலைப்பில் வெண்டை, நடுவில் கத்தரி அல்லது மிளகாய், ஓரத்தில் பந்தலுக்கு அவரையோ பாகலோ வைக்கலாம். கீரை 25 முதல் 30 நாளிலும், வெண்டை 45 நாளிலும் பயன் தரத் தொடங்கும். முதல் மாதத்திலேயே கையில் பலன் கண்டால்தான் கூட்டம் கலையாது. ஒரு பயிர் எடுத்தவுடன் இரண்டு கூடை எரு இட்டே அடுத்ததை விதைக்க வேண்டும்.

5. பூச்சி கண்டால், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க.

6. போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தையும், பழைய தொழிற்சாலை மனையையும் தவிர்க்க. அங்குள்ள மண்ணில் ஈயம் முதலிய நஞ்சுகள் தங்கியிருக்கும். சாக்கடை நீரைக் கீரைக்கு ஒருபோதும் பாய்ச்சலாகாது.

7. பாத்திக்கு ஒரு குடும்பம் பொறுப்பாக இருக்கட்டும். எருக்குழியும் நீரும் பொதுவாயிருக்கட்டும். எல்லாம் எல்லோருக்கும் என்று விட்டால் களை மட்டுமே வளரும்.

எல்லை அறிதல்

இம்முறையால் நகரம் தன் உணவு முழுவதையும் தானே விளைத்துக்கொள்ளும் என்று மயங்கலாகாது. நெல்லும் கோதுமையும் எண்ணெய்வித்தும் பரந்த வயல்களுக்கு உரியவை. கியூபா காய்கறியில் பெருமுன்னேற்றம் கண்டபோதிலும், தானியத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்தே வாங்கிற்று; 2020-க்குப் பின் அந்நாட்டில் மீண்டும் கடும் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தது. தோட்டம் பஞ்சத்தை முற்றும் நீக்கும் மருந்தன்று. ஆயினும் தட்டில் உள்ள சோற்றின் பக்கத்தில் பச்சைக்காயும் கீரையும் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. 1993-இல் கண்ணொளி குன்றியோர் அதனை அறிவர்.

ஹவானாவாசிகள் முன்னர்ச் சோறும் பயறும் பன்றி இறைச்சியுமே விரும்பி உண்டவர்கள். கீரை உண்ணும் வழக்கம் குறைவு. நெருக்கடி வந்தபின்னரே பயிரிடவும் உண்ணவும் ஒருங்கே கற்றனர். நெருக்கடி இல்லாத நாளிலே கற்பது எளிது. ஆகவே இவ்விதழை வாசிப்போர் இம்மாதமே தங்கள் தெருவில் ஓர் எருக்குழியேனும் தொடங்குவார்களாக. அது மக்குவதற்குள் நிலத்துக்கு உரிய பத்திரத்தையும் எழுதி வாங்கிவிடலாம். இவ்விரண்டும் கைக்கு வந்தபின் விதைக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.