செங்காந்தளைப் பெருக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிளுவை வேலியோரமாக நடந்து செல்வோர், தீக்கொழுந்து போன்ற ஒரு மலரைக் கண்டு சற்று நின்று பார்த்துவிட்டே செல்வர். அதுவே செங்காந்தள். கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்திக் கூறும் மலர்களுள் முதலாவதாக வைத்த பெருமை இதற்கு உண்டு. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலராகும். கார்த்திகைப் பூ என்றும், கண்வலிக்கிழங்கு என்றும், கலப்பைக்கிழங்கு என்றும் நம் கிராமங்களில் இதனை வழங்குவர்.

இவ்வளவு பெருமை வாய்ந்த கொடி இன்று பல ஊர்களின் வேலிகளிலிருந்து மறைந்து வருகிறது. இதன் கிழங்கிற்கும் விதைக்கும் விலை உண்டு என்று தெரிந்த நாள் முதல், வேலியோரத்திலும் குன்றுகளின் சரிவிலும் தானாக வளர்ந்த கிழங்குகள் தோண்டி எடுக்கப்பட்டு வருகின்றன. தோண்டியவர் ஒருநாள் கூலியைப் பெறுகிறார். ஊரோ அச்செடியை இழக்கிறது. இந்நிலையை மாற்றுவதற்கு வழி உண்டு. காட்டுக் கிழங்கைத் தொடாமலே இக்கொடியைப் பெருக்குவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செடியின் இயல்பு

செங்காந்தள் ஏறு கொடி. இதன் இலைகளின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகிலுள்ள செடிகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். மலரில் ஆறு இதழ்கள் உண்டு. மலரும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ்கள், நாளாக நாளாகச் செம்மஞ்சளாகிப் பின்னர் முழுச் சிவப்பாகும்.

மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு, கலப்பையைப் போல இரு கைகளாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அந்த நுனி ஒடிந்துவிட்டால் அக்கை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போலப் பல துண்டுகளாக வெட்டி நடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு.

மழை பெய்து மண் நனைந்ததும் கிழங்கு முளைக்கும். கொடி வளர்ந்து, பூத்து, காய்த்து முடிந்தபின் காய்ந்துவிடும். பழைய கிழங்கு வற்றிச் சுருங்க, அதனிடத்தில் புதிய கிழங்கு உருவாகி, அடுத்த மழை வரும் வரையில் மண்ணுக்குள் உறங்கும். கொடி காய்ந்ததைக் கண்டு செடி இறந்துவிட்டது என்று எண்ணி அவ்விடத்தை உழுதுவிடக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

நல்ல நிலையிலுள்ள 100 கிழங்குகளை ஒருவர் நடுவதாகக் கொள்வோம். இரு கைகளும் முளைத்து, ஒன்றும் அழுகாமலிருந்தால், அடுத்த ஆண்டு அவருக்கு 200 கிழங்குகள் கிடைக்கும். அதற்கடுத்த ஆண்டு 400 ஆகும். நடைமுறையில் அழுகலும் ஒடிதலும் உண்டாதலால் இதனினும் குறைவாகவே கிடைக்கும். ஆகவே, கிழங்கினால் மட்டும் பெருக்குவது மெதுவான வேலையாகும். இந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாமல்தான் பலர் காட்டுக் கிழங்கை நாடுகின்றனர்.

விதையின் கணக்கு வேறு. ஒரு காய்க்குள்ளேயே பல விதைகள் இருக்கின்றன. ஆனால் விதையிலிருந்து வரும் செடி பூப்பதற்கு 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும். அவசரமாகப் பயிரிட விரும்பும் விவசாயிக்கு இது ஏற்றதன்று. ஆனால் ஓர் ஊரின் வேலிகளை மீண்டும் பூக்கச் செய்ய விரும்பும் பஞ்சாயத்துக்கு இதுவே சிறந்த வழியாகும்.

விதையிலிருந்து நாற்று வளர்த்தல்

நன்கு முற்றிய காய்களைத் தேர்ந்தெடுத்து, நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை வைத்தால் அவை தாமே வெடிக்கும். விதையின் மேலுள்ள செம்மஞ்சள் நிறச் சதையைத் தேய்த்து நீக்கிக் கழுவ வேண்டும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம்.

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். விதையை அரை அங்குல ஆழத்திற்கு மேல் புதைக்கலாகாது. ஓரளவு நிழல் அவசியம். முளைப்பு ஒரே சமயத்தில் நிகழாது. சில விதைகள் சில வாரங்களிலும், சில விதைகள் மாதங்கள் கழித்தும் முளைக்கும். ஆதலால் பொறுமையிழந்து பாத்தியைக் கலைத்துவிடக் கூடாது.

முதல் ஆண்டில் உண்டாகும் கிழங்கு மிகச் சிறியதாக இருக்கும். கோடையில் நாற்று காய்ந்ததும் நீர் விடுவதை நிறுத்திவிட வேண்டும். உறங்கும் கிழங்கிற்கு ஈரம் பகையாகும். அடுத்த மழையில் அது மீண்டும் முளைத்துச் சற்றுப் பெரிதாகும். இவ்வாறு இரண்டு பருவங்கள் பாத்தியில் வளர்ந்த கிழங்குகளை வேலியோரங்களில் நட்டுவிடலாம்.

வயலில் பயிரிடும் முறை

திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி, திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் ஆகிய வட்டாரங்களிலும் விவசாயிகள் இதனை விதைக்காகப் பயிரிட்டு வருகின்றனர். இப்பயிருக்கு வடிகால் வசதியுள்ள செம்மண் நிலம் ஏற்றது. நீர் தேங்கும் களிமண்ணில் கிழங்கு அழுகிவிடும்.

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு உகந்தவை. ஓரடி ஆழத்தில் சால் எடுத்து, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு நிரப்ப வேண்டும். வரிசைக்கு வரிசை 2 அடியும், கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடியும் இடைவெளி விடலாம். விதைக்கிழங்கு 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாக இருத்தல் நலம். மிகச் சிறிய கிழங்குகள் முளைத்தாலும் பூப்பதில்லை. நடும்போது முளைக்கண் ஒடியாதபடி கையாள வேண்டும். நடுவதற்கு முன் பூசணக்கொல்லி மருந்துக் கரைசலில் நனைத்தெடுப்பது அழுகல் நோயைத் தடுக்கும்.

கொடி ஏறுவதற்குப் பற்றுக்கோடு தேவை. கிளுவை அல்லது விராலியை வரிசையாக வளர்த்து அதன்மேல் ஏற்றுவதும், கம்பி கட்டி ஏற்றுவதும் வழக்கத்தில் உள்ளன. கொடியின் வளரும் நுனி ஒடிந்தால் வளர்ச்சி தடைப்படும். ஆதலால் களை எடுக்கும்போதும் கொடியைக் கம்பியில் ஏற்றிவிடும்போதும் கவனம் வேண்டும்.

கருநிற உடலில் சிவப்பும் வெள்ளையுமான புள்ளிகள் கொண்ட புழுக்கள் இலைகளைத் தின்னும். தொடக்கத்திலேயே பொறுக்கி அழித்தால் சேதம் குறையும். இலைக்கருகலும் கிழங்கு அழுகலும் கண்டால் உடனே வட்டார வேளாண்மை அலுவலரின் ஆலோசனையைப் பெறுக.

கையால் மகரந்தம் சேர்த்தல்

இம்மலரின் சூல்தண்டு அடிப்பகுதியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. ஆகையால் மகரந்தம் தானாகச் சூல்முடியில் சேர்வது அரிது. வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் மட்டும் நம்பியிருந்தால் பல பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். காலை 8 மணி முதல் 11 மணிக்குள், ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு கொடியின் பூவிலுள்ள சூல்முடியில் தடவினால் காய்ப்பு மிகும். பூக்கும் காலம் முழுவதும் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை இது. ஆகவே, வீட்டில் எத்தனை பேர் வேலை செய்ய முடியும் என்பதை எண்ணிப் பார்த்துப் பரப்பைத் தீர்மானிப்பது அறிவுடைமையாகும்.

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய்கள் முற்றும். காயின் தோல் சுருங்கத் தொடங்குவதே அறுவடைக்கு அறிகுறி. விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறியிறங்கும் தன்மையுடையது. விதைக்கிழங்குக்கு ஆகும் முதற்செலவும் மிகுதி. கடன் வாங்கி ஒரேயடியாக நிலம் முழுவதிலும் நடாமல், சிறு பரப்பில் தொடங்கிச் சொந்தக் கிழங்கைக் கொண்டே பெருக்குவது பாதுகாப்பானது.

நஞ்சு என்பதை மறவாதீர்

இச்செடியில் கோல்ச்சிசின் என்னும் பொருள் இருக்கிறது. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதால் உண்டாகும் ஒருவகைக் கீல்வாதத்திற்கு இதிலிருந்து மருந்து செய்கின்றனர். செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இப்பொருளால் இரட்டிப்பாக்கலாம் என்பது 1937-ஆம் ஆண்டில் வெளியான செய்தி. விதையில்லாத் தர்ப்பூசணி தோன்றியது அவ்வழியில்தான்.

மருந்தாகும் அதே பொருள் கொடிய நஞ்சுமாகும். செடியின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு, கிழங்கில் மிகுதி. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவர்கள் உயிரிழந்திருக்கின்றனர். ஆகவே, கிழங்கையும் விதையையும் உணவுப் பொருள்களோடு ஒருபோதும் வைக்கலாகாது. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். கிழங்கைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தவறி உண்டவருக்கு முதலில் ஒன்றும் நேராததுபோலத் தோன்றலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். அதுவரை காத்திராமல், கைமருந்து எதுவும் கொடுக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். ஊரில் செங்காந்தள் வளரும் இடங்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குறித்து வைப்பது அக்குழுவின் கடமைகளுள் ஒன்றாக அமையட்டும். வேலிகளைத் திருத்தும்போதும் பாதையோரங்களைச் சுத்தம் செய்யும்போதும் அவ்விடங்களை இயந்திரத்தால் கிளறாமல் விட ஏற்பாடு செய்யலாம். காப்புக் காடுகளில் அனுமதியின்றிக் கிழங்கு தோண்டுவது குற்றம் என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பஞ்சாயத்து நாற்றங்காலில், வேலியிட்ட ஒரு மூலையில், இரண்டு விதைப் பாத்திகள் போதும். பயிரிடும் விவசாயி ஒருவரிடம் சில காய்களைக் கேட்டுப் பெற்றால் விதைக்கும் செலவில்லை. பள்ளி, குழந்தைகள் மையம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் அருகில் மட்டும் இதனை நடாதிருப்பது நலம்.

இவ்வாண்டு விதைத்தால், நான்காம் ஆண்டுக் கார்த்திகையில் ஊர் வேலியில் முதற்பூவைக் காணலாம். நான்கு ஆண்டுகள் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் தோண்டி எடுத்த கிழங்கு ஒருநாளும் திரும்பி வருவதில்லை. தைப் பிறப்புக்குள் முற்றிய காய்களைச் சேகரித்து வைப்போம். அடுத்த மழைக்கு முன் பாத்தியை ஆயத்தம் செய்வோம்.