ஃபே உலகத்துக்குள் நுழைபவர்களுக்கு 12 குறிப்புகள்

சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' வரிசையை ரசிகர்கள் செல்லமாக 'அகோட்டார்' என்பார்கள். ஃபே என்ற மாய இனத்தாரும் ஃபெய்ரா என்ற மனிதப் பெண்ணும் நடமாடும் காதல் கதை. பிடித்துப்போனால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. படிக்கப்போகிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் சில யோசனைகள்.

1. எல்லாத் தலைப்பும் 'எ கோர்ட் ஆஃப்' என்றே தொடங்குவதால் கடையில் குழப்பம் வரும். இந்த வரிசையைக் குறித்துக்கொண்டு போங்கள்: தார்ன்ஸ் அண்ட் ரோசஸ் (2015), மிஸ்ட் அண்ட் ஃப்யூரி (2016), விங்ஸ் அண்ட் ருயின் (2017), ஃப்ராஸ்ட் அண்ட் ஸ்டார்லைட் (2018), சில்வர் ஃப்ளேம்ஸ் (2021). முன்பின்னாகப் படித்தால் கதையே கெட்டுவிடும்.

2. முதல் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் புத்தகத்தை ராத்திரி பதினோரு மணிக்கு முடித்துவிட்டு, இரண்டாவது கையில் இல்லாமல் தவிப்பது பெரிய அவஸ்தை.

3. பாதி விலைக்குக் கிடைக்கும் திருட்டுப் பதிப்புகளில் எழுத்து மங்கியிருக்கும். சில சமயம் பக்கங்களும் விட்டுப்போயிருக்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பழைய புத்தகக் கடையில் அசல் பிரதியைத் தேடுங்கள். நடுப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

4. இரண்டாவது புத்தகம் 600 பக்கத்தைத் தாண்டும். ஐந்தாவது இன்னும் தடிமன். புதுப் பிரதியை எடுத்தவுடன் நடுவில் பிளந்தால் முதுகு வெடித்து வெள்ளைக் கோடு விழும். முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முன் அட்டையைச் சாய்த்து அழுத்துங்கள். பிறகு பின் அட்டை. அடுத்து முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என்று மாறிமாறி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். படுத்துப் படிப்பவர்கள் வயிற்றின் மேல் தலையணை வைத்து அதில் புத்தகத்தைச் சாய்த்தால் மணிக்கட்டு வலிக்காது.

5. முன்பக்கத்தில் இருக்கும் வரைபடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிதியன் நாட்டில் ஏழு அரசவைகள்: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவங்களுக்கு நான்கு, விடியல், பகல், இரவு என்று பொழுதுகளுக்கு மூன்று. மூன்றாவது புத்தகத்தில் போர் மூளும்போது யார் எந்தப் பக்கம் என்று பார்க்க இந்தப் படம் உதவும்.

6. பெயர்களை வாய்க்கு வந்தபடி படித்துப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். நாயகி ஃபெய்ரா, இரவு அரசவையின் தலைவன் ரீஸாண்ட், சுருக்கமாக ரீஸ். 'ரைஸ்' என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

7. முதல் புத்தகத்தின் முன்பாதி மெதுவாகத்தான் நகரும். பசித்த குடும்பத்துக்காக வேட்டைக்குப் போகும் ஃபெய்ரா ஓர் ஓநாயைக் கொல்கிறாள்; அது வெறும் ஓநாய் இல்லை. அதற்கு ஈடாக வசந்த அரசவைக்குப் போகிறாள். அங்கே தோட்டமும் ஓவியமும் விருந்துமாக இருப்பதைப் பார்த்து மூடி வைத்துவிடாதீர்கள். கதை மலைக்கடியில் இறங்கியதும் வேகம் பிடித்துக்கொள்ளும்.

8. ஃபேக்கள் பொய் சொல்ல மாட்டார்கள், இரும்புக்கு அஞ்சுவார்கள் என்று ஐரோப்பிய நாட்டார் கதைகளில் படித்ததை இங்கே நம்பாதீர்கள். ஃபெய்ராவும் அப்படி நம்பித்தான் போகிறாள். இந்த உலகில் அவர்கள் தாராளமாகப் பொய் சொல்வார்கள். இரும்பு ஒன்றும் செய்யாது. ஆஷ் மரத்தில் செய்த அம்புதான் அவர்களைக் காயப்படுத்தும்.

9. இரண்டாவது புத்தகத்தை முடிக்கும்வரை எந்தப் பாத்திரத்தின் பெயரையும் இணையத்தில் தேடாதீர்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதை ரசிகர்கள் வரைந்த முதல் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

10. அதே புத்தகத்தின் 54, 55ஆம் அத்தியாயங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அதுவரை சொல்லாமல் விட்டதெல்லாம் 54இல் வெளிவரும். பஸ்ஸிலோ மாமியார் பக்கத்திலோ 55ஐப் பிரிக்க வேண்டாம், முகம் காட்டிக்கொடுத்துவிடும். முன்னதாக ஒரு கிண்ணம் சூப் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சூப் என்பது படிக்கும்போது புரியும். வீட்டில் மற்றவர்கள் அந்த ஒரு மணி நேரம் "காபி போடறியா?" என்று கேட்காமல் இருப்பது நல்லது.

11. இது பெரியவர்களுக்கான வரிசை. தொடக்கத்தில் பதின்வயதினர் புத்தகங்களோடு விற்கப்பட்டதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அந்தரங்கக் காட்சிகள் வெளிப்படையாகவே வரும்; ஃபெய்ராவின் அக்கா நெஸ்டாவின் கதையான ஐந்தாவதில் இன்னும் அதிகம். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மேல் அலமாரியில் வையுங்கள். அங்கும் மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி வரும். வசம்புத் துண்டையோ காய்ந்த வேப்பிலையையோ சின்னத் துணியில் முடிந்து பக்கத்தில் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காமல் காற்றோட்டம் விடுங்கள்.

12. நான்காவது மெலிந்த புத்தகம், பெரிய சம்பவமும் இல்லை என்று தாண்டிப் போகாதீர்கள். போருக்குப் பின் எல்லோரும் காயத்தோடு எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்பதுதான் அதன் கதை. நெஸ்டாவின் கோபத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. ஐந்தையும் முடித்துவிட்டு ஏக்கம் தாங்கவில்லையென்றால் இதே எழுத்தாளரின் 'க்ரெசென்ட் சிட்டி' வரிசைக்குப் போங்கள். 2024இல் வந்த அதன் மூன்றாவது புத்தகத்தில் பழைய முகங்கள் சில எட்டிப் பார்க்கும். அகோட்டார் படிக்காமல் அதைத் தொட்டால் பாதி சுவைதான்.