டாப் வெயிட்டா, பாட்டம் வெயிட்டா?

யானைக்கவுனிப் பாலத்தில் மீன்பாடி வண்டி ஏற்றுகிறவர்களுக்குப் பாரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சமதரையில் உருளத் தொடங்கிவிட்ட வண்டியில் ஒரு மூட்டை கூடினாலும் சமாளித்துவிடலாம்; கிளப்பும்போதும் ஏற்றத்திலும்தான் ஒவ்வொரு கிலோவும் தொடையைப் பிடிக்கும். ஆனால் அதே பேட்டையிலிருந்து பார்க் ஸ்டேஷனில் ரயிலேறி கிண்டிக்குப் போனவர்களில் பலர், ரேஸ் புத்தகத்தைப் பிரித்ததும் எடை குறைந்த குதிரையைத்தான் தேடினார்கள். கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை அரசு 2024-ல் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் பெங்களூர், ஹைதராபாத் ரேஸ் பார்க்கிறவர்களுக்கும் எடைக் கணக்கு பொருந்தும்.

ஹேண்டிகேப் பந்தயத்தில் எடை சும்மா குறைவதில்லை. பழைய ஓட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் போடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 65 புள்ளிக் குதிரை 60 கிலோ சுமந்தால் 45 புள்ளிக் குதிரைக்கு 50. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை வராவிட்டால் சேணத்துப் பையில் ஈயத் தகடு செருகுவார்கள். ஓடி முடித்த ஜாக்கி சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி தராசில் ஏறுவார். எடை குறைந்தால் ஜெயித்த குதிரையும் போட்டியிலிருந்து போய்விடும். ஆக டாப் வெயிட் என்பது அந்தப் பந்தயத்தின் சிறந்த குதிரை என்ற சான்று. பாட்டம் வெயிட் குதிரை இதுவரை பெரிதாக எதுவும் காட்டாததால்தான் அங்கே இருக்கிறது.

பிறகு எதை எடுப்பது? தூரத்தைப் பாருங்கள். 1600 மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது பழைய கணக்கு. 1000 மீட்டரில் அதே ஒரு நீளத்துக்கு ஒன்றரை கிலோ வரை வேண்டும். அதனால் குறுகிய ஓட்டத்தில் தரமான டாப் வெயிட்டை நான் தயங்காமல் எடுப்பேன். 2000 மீட்டருக்கு மேல், அதுவும் மழையில் ஊறிய தரை என்றால், மனம் இலகுவான குதிரைப் பக்கம் சாயும். மெல்போர்ன் கப் 3,200 மீட்டர் ஓட்டம். 1930-ல் ஃபார் லாப் என்ற குதிரை 62.5 கிலோ சுமந்து அதை ஜெயித்தது. மறு ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. எவ்வளவு பெரிய குதிரைக்கும் ஓர் எல்லை உண்டு.

உடம்பையும் பாருங்கள். 500 கிலோ குதிரைக்கு 60 கிலோ ஒன்று, 420 கிலோ உள்ள சின்னப் பெண்குதிரைக்கு 60 கிலோ வேறு. புத்தகத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பயிற்சி ஜாக்கிக்குக் கிடைக்கும் எடைச் சலுகை பலரை இழுக்கும். தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடுகிற குதிரைக்கு அது உதவும். கூட்டத்தில் இடம் பிடித்துக் கடைசியில் வெளியே வர வேண்டிய குதிரைக்கு அனுபவமுள்ள கைதான் பெரிது.

ஹேண்டிகேப் இல்லாத டெர்பியில் இந்தக் குழப்பம் இல்லை. இந்தியன் டெர்பியில் ஆண்குதிரைகளுக்கு 57 கிலோ, பெண்குதிரைகளுக்கு ஒன்றரை கிலோ குறைவு, அவ்வளவுதான்.

குதிரைப் பந்தயத்தில் திறமையே முக்கியம் என்று 1996-ல் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் இந்த எடைக் கணக்கு புக்கிக்கும் தெரியும்; அவர் தரும் விலையில் எடை ஏற்கெனவே ஏறியிருக்கும். வீட்டுக் காசை வைக்க இது காரணமாகாது.

இரண்டு குதிரைகளுக்கு நடுவே இன்னும் முடிவு வரவில்லையா? ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் கடைசியாக ஜெயித்தபோது சுமந்த எடையைத் தேடுங்கள். 52-ல் முக்கி முக்கி ஜெயித்தது இன்று 56-ல் வந்தால் விட்டுவிடுங்கள். 58-ல் இழுத்துப் பிடித்தபடியே ஜெயித்ததற்கு இன்று 60 என்றால் அதுவே என் தேர்வு.