குழந்தைக்கு முடியவில்லை… எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

சளி, லேசான காய்ச்சல்தான். குழந்தை விளையாடுகிறது, பால் குடிக்கிறது என்றால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். மூச்சைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40: இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காருவது பெரிய ஆபத்து.

3 மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், முகம் தெளிவாக இருந்தாலும் ராத்திரியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தலையில் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைதான் சரி. பாம்புக்கடிக்கு மந்திரிப்பு, பச்சிலை வேண்டவே வேண்டாம். விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். எதையாவது விழுங்கியிருந்தால் அது இருந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால், தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.